700 ஆண்டு மழை தாங்கிய கல்வெட்டு கூரைக்குள் வந்ததும் உதிர்ந்தது ஏன்? பெங்களூருவில் ஒரு நிகழ்வு ஆய்வு

கிழக்குப் பெங்களூருவில், ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாகத் தனிக் கிராமமாக இருந்து பிறகு நகரத்துக்குள் அடங்கிப்போன ஒரு பகுதியில் சிறிய சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் மூன்று நான்கு தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள். கோயிலின் முன்மண்டபச் சுவரில் 13ஆம் நூற்றாண்டு எழுத்தமைதியில் ஒரு தமிழ்க் கல்வெட்டுப் பலகை பதிக்கப்பட்டிருக்கிறது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மேல்பாதியை இன்றைக்கும் விரலால் தடவியே படிக்கலாம். கீழே, முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுப்பட்ட உயரத்தில், எழுத்து வெட்டியிருந்த தோலே போய்விட்டது. அந்தப் பட்டையில் கல் அப்பளம் போலப் பொரிந்து, தொட்டால் கையோடு வருகிறது.

‘இது மேல ஏதாவது கெமிக்கல் பூசி நிறுத்த முடியுமா சார்?’ என்றுதான் நிர்வாகத்தினர் கேட்டார்கள். நான் பாறையியல் படித்தவன். என்னோடு கற்சிற்பப் பாதுகாப்பில் வேலை செய்யும் நண்பர் ஒருவரும், கல்வெட்டு வாசிக்கும் அம்மா ஒருவரும் வந்தார்கள். பூசுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அது ஏன் உதிர்கிறது என்று பார்க்க வேண்டும் என்றோம். இந்தக் குறிப்பு பெரும்பாலும் அந்த ‘ஏன்’ பற்றியதுதான்.

இந்தக் கல்லுக்கு ஏன் இவ்வளவு பாடு

பெங்களூருவின் பழைய வரலாற்றில் தமிழ்க் கல்வெட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சோழர்கள் 1004 வாக்கில் தலைக்காட்டைப் பிடித்த பிறகு இந்தப் பக்கமெல்லாம் தமிழில் கொடைகள் வெட்டப்பட்டன. பின்னால் வந்த ஹொய்சளர் காலத்திலும் அது தொடர்ந்தது. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. மடிவாளா சோமேசுவரர் கோயிலில் உள்ள 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்கிறது. ஏரிகளை இழந்துகொண்டே வரும் இந்த ஊரில், எந்த ஏரி எங்கே இருந்தது என்று சொல்லும் நேரடிச் சாட்சிகள் இவைதான்.

நம்முடைய பலகையும் ஒரு நிலக்கொடைதான். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்கி, கொடுத்தவர் பெயர், நிலத்தின் அளவு, பிறகு நான்கெல்லை, கடைசியில் இந்தத் தர்மத்தை அழித்தவன் கங்கைக் கரையில் குரால் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற வழக்கமான சாபம். உதிர்ந்திருப்பது நான்கெல்லை சொல்லும் வரிகள். இந்தப் பகுதிக் கல்வெட்டுகளை பி. எல். ரைஸ் தொகுத்து, எபிகிராபியா கர்னாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பு வரிசையின் 9ஆம் தொகுதியாக 1905இல் வெளியிட்டார். நம்முடைய கல்லின் பாடமும் அச்சில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வாசிக்க முடியாத இடங்களில் புள்ளிகள் வைத்திருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளில் பாதிக்கு மேல் எல்லை சொல்லும் வரிகளில்தான் வருகின்றன. முப்பரிமாண ஸ்கேன் வந்த பிறகு, கண்ணுக்குத் தெரியாமல் மழுங்கிய எழுத்தையும் வாசித்துவிட முடிகிறது. மிதிக் சொசைட்டி என்ற பெங்களூரு ஆய்வு அமைப்பின் திட்டம் ஒன்று பெங்களூருக் கல்வெட்டுகளை இப்படித்தான் ஸ்கேன் செய்து பதிவு செய்துவருகிறது. ஆனால் ஸ்கேன் செய்ய மேற்பரப்பு இருக்க வேண்டுமே. 1905இல் விடுபட்டதை இப்போது மீட்டிருக்கலாம் என்ற வாய்ப்புதான் இங்கே தூளாகத் தரையில் கிடந்தது. எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்.

கல்லின் இயல்பு

எல்லோரும் கருங்கல் என்று சொன்னாலும் இது நைஸ் (gneiss) என்ற பட்டைப் பாறை. பெங்களூரு உட்கார்ந்திருப்பதே இந்தப் பாறையின் மேல்தான். மைசூர் புவியியல் துறையில் இருந்த ஸ்மீத் 1916இல் இதற்குத் தீபகற்ப நைஸ் என்று பெயர் வைத்தார். லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறையைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கல். சுமார் 300 கோடி ஆண்டு வயது, தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். வெளிர்ப் பட்டையும் கரும் பட்டையும் மாறி மாறி வரும். வெளிர்ப் பட்டையில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும். கரும் பட்டையில் பயோடைட், அதாவது கறுப்புக் காக்காப்பொன்.

பாறைச் சிதைவு இந்த மூன்றையும் ஒரே வேகத்தில் தாக்குவதில்லை. எந்தக் கனிமம் முதலில் போகும், எது கடைசியில் போகும் என்ற வரிசையை அமெரிக்கப் புவியியலாளர் கோல்டிச் 1938இல் வகுத்தார். குவார்ட்ஸ் கிட்டத்தட்ட அசையாது. ஃபெல்ஸ்பார் நீரோடு வினைபுரிந்து மெல்லக் கயோலின் களிமண்ணாக மாறும். பயோடைட்டில் உள்ள இரும்பு துருப்பிடித்து, ஏடுகள் உப்பி, பக்கத்துக் கனிமங்களைத் தள்ளும். பெங்களூருச் செம்மண் முழுக்க இப்படி உருவானதுதான். ஆனால் அது லட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கு. 700 ஆண்டில் ஒரு பலகையின் மேல்தோலில் நுண்விரிசல்கள் விழும், பயோடைட் விளிம்பு பழுப்பேறும், அவ்வளவுதான். பலகையின் மேல்பாதியில் அதுதான் தெரிகிறது. வயதுக்கு ஏற்ற முதுமை, ஒரு குறையும் சொல்ல முடியாது.

அப்படியானால் கீழ்ப்பாதிக்கு மட்டும் என்ன வந்தது?

யார் மேல் பழி

கோயிலில் கேட்டவர்கள் எல்லோரும் வண்டிப் புகையைச் சொன்னார்கள். வாசலிலேயே சிக்னல், நாள் முழுக்க நெரிசல். இருந்தாலும் புகையும் அமில மழையும் முக்கியமாகக் கரைப்பது சலவைக்கல்லையும் சுண்ணாம்புக்கல்லையும்தான். அவற்றின் உடம்பே கால்சியம் கார்பனேட். நைஸில் கார்பனேட் பெயருக்குக்கூட இல்லை என்று சொல்லலாம். தவிர, புகை பட்டிருந்தால் பலகை முழுவதும் பட்டிருக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே மட்டும் ஏன்?

அடுத்தது பாசி. முற்றத்தில் மழையிலேயே நிற்கும் வீரகல் ஒன்று கன்னங்கரேல் என்று இருக்கிறது. அதைக் காட்டி, ‘இதுவும் கெட்டுப்போச்சு, மணல் அடிச்சு சுத்தம் பண்ணிக் குடுங்க’ என்றார் ஒரு நிர்வாகி. ஒரு சொட்டு நீரை அந்தக் கறுப்பின் மேல் விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து லென்ஸில் பார்க்கச் சொன்னோம். கறுப்பு மெல்லப் பச்சையாகத் திரும்பியிருந்தது. அது அழுக்கு இல்லை. காய்ந்து உறங்கும் நீலப்பச்சைப் பாசி. பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கன்கள் ஆக்சாலிக் அமிலம் சுரந்து கல்லை அரிக்கும் என்பது உண்மைதான், அது மெதுவாக நடப்பது. அந்தக் கறுப்புக்குக் கீழே வீரனின் வாள்முனைகூட மழுங்காமல் இருந்தது. மணல் வீச்சு அடித்தால் அந்த முனைதான் முதலில் போகும். மழுங்கியதோடு நிற்காது; மூடியிருந்த நுண்துளைகள் எல்லாம் திறந்து, அடுத்த மழையில் முன்னைவிட அதிகம் நீர் குடிக்கும். தமிழ்நாட்டிலும் இங்கேயும் எத்தனையோ தூண்கள் இந்த ஒரு வேலையில் முகம் இழந்திருக்கின்றன. வீரகல்லைத் தொட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம்.

விஷயம் திரும்பியது இரண்டு இடத்தில். ஒன்று, கோயில் வாசலில் பூக்கட்டும் பாட்டியின் வீட்டில் இருந்த பழைய கலியாணப் படம். மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால், குளத்துக் கரையில், திறந்த வெளியில் நம்முடைய பலகை நிற்கிறது. கடைசிச் சாப வரிகள் வரை கோடு கோடாக எழுத்து. பலகை கூரைக்குள் வந்தது அதற்குப் பல ஆண்டு கழித்து, ஒரு கும்பாபிஷேகத் திருப்பணியின்போது. மழையில் வீணாகிறதே என்ற அக்கறையில்தான் கொண்டுவந்து, சிமெண்ட் வைத்துச் சுவரில் பதித்தார்கள். எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று பள்ளங்களில் மஞ்சள் எனாமல் நிரப்பினார்கள். தரைக்கு டைல்ஸ் போட்டார்கள். முன்னால் விளக்குத் தண்டு வைத்தார்கள். ஒவ்வொன்றும் நல்ல மனசோடு செய்தது.

இன்னொன்று, அந்தத் திருப்பணியிலேயே வேலை பார்த்த மேஸ்திரி சொன்னது: ‘போட்ட மறு வருஷமே இந்தச் சுவத்துல உப்பு பூத்துச்சு சார். தொடைச்சா போகும், திரும்ப வரும்.’ டைல்ஸுக்கு மேலே அந்த வெள்ளைக் கோடு இப்போதும் இருக்கிறது. பலகையில் உதிர்வு தொடங்கும் உயரமும் அந்தக் கோடும் ஒரே மட்டம்.

சோதனைகள்

கல்வெட்டிலிருந்து ஒரு துணுக்குகூட வெட்டி எடுக்கவில்லை. ஏற்கெனவே விழுந்து, விளக்குத் தண்டின் அடியில் தூசியோடு கிடந்த சில்லுகளே போதுமானதாக இருந்தன. அதில் ஒரு சில்லு கட்டைவிரல் நக அளவு. முன்பக்கம் மஞ்சள் எனாமல் நிரம்பிய ஒரு வளைவு, ‘ல’கரத்தின் சுழியாக இருக்கலாம். மேலே எண்ணெய்ப் பிசுக்கு. திருப்பினால் பின்பக்கம் முழுக்க ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம். முன்னால் எனாமலும் எண்ணெயும், பின்னால் உப்பு. இதற்கு மேல் பெரிய விளக்கம் வேண்டியதில்லை என்று தோன்றும், இருந்தாலும் உறுதி செய்ய வேண்டும்.

இன்னொரு சில்லை 0.03 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தோம். இந்தத் தேய்ப்பை வழக்கம்போல நீர் விட்டுச் செய்தால் உப்பு கரைந்து ஓடிவிடும், தடயமே இருக்காது. எண்ணெய் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். விரிசல்கள் எல்லாம் மேற்பரப்புக்கு இணையாக, அடுக்கடுக்காக ஓடின. அவற்றுக்குள் உப்பு உட்கார்ந்திருந்தது. ஃபெல்ஸ்பார் பெரும்பாலும் தெளிவாகவே இருந்தது. ஆக, கல் தன் இயல்பில் மக்கிப்போகவில்லை. உள்ளிருந்து நெம்பிக் கிளப்பப்பட்டிருக்கிறது.

தூசியை வடிநீரில் கரைத்து பேரியம் குளோரைடு விட்டதும் வெள்ளையாகப் படிந்தது, சல்பேட். வெள்ளி நைட்ரேட் குளோரைடைக் காட்டியது. சோதனைத் தாளில் நைட்ரேட்டும் வந்தது. சல்பேட்டின் மூலம் சிமெண்ட்; போர்ட்லண்ட் சிமெண்டில் எப்போதுமே கார சல்பேட் கொஞ்சம் இருக்கும். குளோரைடுக்குக் காரணம் தினமும் தரை கழுவும் பிளீச்சிங் பவுடரும், விசேஷ நாளுக்கு முன்னால் டைல்ஸில் ஊற்றும் ஆசிடும். நைட்ரேட் நிலத்தடியிலிருந்து வருவது. பின்சுவருக்கு வெளியே ஓடும் கழிவுநீர்க் குழாய் கசிந்துகொண்டிருந்தது.

கேளா ஒலி அலைக் கருவியையும் பயன்படுத்தினோம். நல்ல கருங்கல்லில் ஒலி நொடிக்கு 5 கி.மீ. அளவில் ஓடும், நன்றாகச் சிதைந்த கல்லில் 3 கி.மீ.க்கும் கீழே இறங்கிவிடும். மேல்பாதிக்கும் உதிரும் பட்டைக்கும் உள்ள வேறுபாடு அந்த அளவுக்கே இருந்தது. கல்லை அடித்து அதன் கடினத்தை அளக்கும் ஷ்மிட் சுத்தியலைக் கல்வெட்டின் மேல் பயன்படுத்தவே கூடாது. அதை முற்றத்துப் படிக்கல்லோடு நிறுத்திக்கொண்டோம். மைப்படியும் எடுக்கவில்லை. ஈரத்தாளை ஒட்டி பிரஷ்ஷால் தட்டினால் பொரிந்த தோல் தாளோடு வந்துவிடும். இரவில் மண்டப விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்தோம். சாய்வொளியில், கல்வெட்டு வாசிக்கும் அம்மா அச்சுப் பாடத்தில் புள்ளி வைத்திருந்த இரண்டு எழுத்துகளை வாசித்துவிட்டார்.

நடந்தது இதுதான்

திறந்த வெளியில் நின்றபோதும் அந்தக் கல்லுக்குள் ஈரம் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் பெங்களூருவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 970 மி.மீ. மழை பெய்கிறது, வந்த உப்பையெல்லாம் அந்த மழையே கழுவிவிட்டது. வெயிலும் காற்றும் எல்லாப் பக்கமும் பட்டதால் கல் சீக்கிரம் காய்ந்தது. கூரைக்குள் வந்ததும் கழுவும் மழை நின்றது, ஈரம் மட்டும் நிற்கவில்லை. முன்பு மண்தரை வழியாக ஆவியாகிப்போன நிலத்து ஈரத்தை டைல்ஸ் அடைத்துவிட்டது. அடைபட்ட ஓதம் சுவரில் ஏறியது. சுவரின் சிமெண்டில் இருந்த உப்பைக் கரைத்துக்கொண்டு, வயதான தோலின் நுண்விரிசல்கள் வழியாகப் பலகைக்குள் புகுந்தது. ஓதம் எவ்வளவு உயரம் ஏறி எங்கே ஆவியாகிறதோ, அந்த உயரத்தில்தான் உப்பு படிகமாகும். இடுப்புக்குக் கீழே ஒரு பட்டையாக உதிர்ந்ததன் காரணம் அது.

உப்பு வெளியே வந்து பூத்தால் துடைத்துவிட்டுப் போகலாம், கல்லுக்குப் பெரிய கேடில்லை. இங்கே எனாமலும் விளக்குத் தண்டின் எண்ணெய்ப் படிவும் வாசலை அடைத்திருந்தன. வெளியே வர முடியாத உப்பு தோலுக்கு அடியிலேயே படிகமானது. சோடியம் சல்பேட் இதில் மிகவும் பொல்லாதது: காய்ந்த படிகம் ஈரம் கண்டு பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொள்ளும்போது பருமன் மூன்று மடங்குக்கும் மேல் கூடும். சாப்பாட்டு உப்பு வகை, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே கரையும், கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். பெங்களூருவில் ஆடி, ஆவணியில் காற்று அந்த அளவைத் தாண்டிப் போகும். மாசி, பங்குனிப் பிற்பகல்களில் வறண்டுவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நெம்பு. கூரைக்குள் கழிந்த இந்தச் சில பத்தாண்டுகளில் அது எத்தனை முறை நடந்திருக்கும்!

செய்ததும் செய்யாததும்

முதலில் ஈரத்தின் வழியை அடைத்தோம், கல்லைத் தொட்டது அதற்குப் பிறகுதான். குழாய்க் கசிவு சரிசெய்யப்பட்டது. சுவரோரம் ஒரு முழ அகலத்துக்கு டைல்ஸைப் பெயர்த்து ஜல்லி நிரப்பினார்கள், இனி நிலம் மூச்சுவிட அந்த வழி இருக்கிறது. விளக்குத் தண்டு மண்டபத்தின் மறுபக்கம் போனது. இதற்குக் கொஞ்சம் எதிர்ப்பு இருந்தது. குருக்கள் ஐயாதான், ‘சுவாமிக்கு எந்தப் பக்கம் ஏத்தினாலும் வெளிச்சம் வெளிச்சம்தானே’ என்று முடித்து வைத்தார்.

பிறகு சிமெண்ட் இணைப்பைச் சிறு உளியால் கையாலேயே கொத்தி, பலகையை விடுவித்தார்கள். கிரைண்டர் வைத்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும், அந்த அதிர்வைப் பொரிந்த பட்டை தாங்கியிருக்காது. இப்போது பலகை கடுக்காய் நீர் சேர்த்த சுண்ணாம்புக் காரைப் பீடத்தில், ஈயத் தகட்டின் மேல், சுவரிலிருந்து ஒரு கை இடைவெளி விட்டு நிற்கிறது. சுண்ணாம்பு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் ஸ்தபதி. அவர் சொன்னதுதான் சரி: காரை கல்லைவிட மெலிவாக இருக்க வேண்டும், சேதம் வந்தால் அது உதிரட்டும், கல் உதிரக் கூடாது.

உப்பை எடுக்கப் பற்றுப் போட்டோம். வடிநீரில் ஊறிய காகிதக்கூழை மென்மையான ஜப்பான் காகிதத்தின் மேல் அப்பி, காய்ந்ததும் எடுத்து, கூழை மறுபடி வடிநீரில் ஊறவைத்து மின்கடத்துதிறனை அளப்பது. உப்பு குறையக் குறைய அந்த எண் இறங்கும். முதல் சில பற்றுகளில் வேகமாக இறங்கி, பிறகு நிதானப்பட்டது. எனாமலை லென்ஸுக்கு அடியில் கரைப்பான் ஜெல்லும் மூங்கில் குச்சியும் வைத்து நண்பர் எடுத்தார். பொரிந்த இடங்களில் எடுக்காமல் விட்டுவிட்டார். அங்கே எனாமல்தான் எழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நிர்வாகம் கேட்ட ‘கெமிக்கல்’ எத்தில் சிலிகேட். கல்லுக்குள் ஊறி சிலிகாவாகப் படிந்து துகள்களைப் பிணைக்கும். நைஸுக்கு ஒத்துவரும் பொருள்தான். ஆனால் உள்ளே உப்பு இருக்கும்போது ஊற்றினால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஊற்றிய பிறகு திரும்ப எடுக்கவும் வழியில்லை. நண்பருக்கு ஓரங்களில் மட்டுமாவது பயன்படுத்தலாம் என்ற எண்ணம் இருந்தது. நான் வேண்டாம் என்றேன், கடைசியில் அவரும் ஒப்புக்கொண்டார். தூக்கிக்கொண்டிருந்த சில ஏடுகளை மட்டும், கரைத்து எடுக்கக்கூடிய அக்ரிலிக் பிசினைச் சொட்டு வைத்து ஒட்டினோம்.

என்னைக் கேட்டால் பலகையைப் பழையபடி குளக்கரையிலேயே நிறுத்தியிருப்பேன். குளம் இருந்த இடத்தில் இப்போது பார்க்கிங். சாலை விரிவாக்கத்தில் காணாமல் போகும் கற்களைப் பார்த்த பிறகு, கூரைக்குள் ஓதம் இல்லாமல் இருப்பதே மேல் என்று ஏற்றுக்கொண்டேன். போன வரிகள் வரப்போவதில்லை. 1905ஆம் ஆண்டின் அச்சுப் பாடத்தையும், சாய்வொளியில் புதிதாக வாசித்த எழுத்துகளையும் சேர்த்து, தமிழிலும் கன்னடத்திலும் பக்கத்தில் ஒரு பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். விழுந்த சில்லுகள் உயரம் குறித்த பைகளில், கோயில் அலுவலகப் பெட்டியில் இருக்கின்றன.

அடுத்த திருப்பணி ஒப்பந்தத்தில் சேர்க்க நிர்வாகத்திடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறோம். பழைய கல் எதிலும் சிமெண்ட் படக் கூடாது, எனாமல் கூடாது, மணல் வீச்சு கூடாது, தரைக்குப் பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் கூடாது. பிளீச்சிங் பவுடர் மட்டும் இன்னும் முழுதாக நிற்கவில்லை. தரை கழுவ வருபவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரும் பங்குனியில், காற்று நன்றாக வறண்ட பிறகு, மறுபடி ஒரு பற்றுப் போட்டு அளக்கப்போகிறோம். எண் ஏறியிருந்தால் பின்சுவருக்கு வெளிப்பக்கத் தரையையும் திறக்க வேண்டும். அதற்கான சம்மதத்தை இப்போதே எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறோம்.